கிளுவையின் வயிற்றில் தேடியது

அறுபதுகளின் தொடக்கத்தில் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியின் நுண்ணுயிர்ச் சோதனைக்கூடத்தில் எனக்கு உதவியாளர் வேலை. குளிர்காலம் வந்தால், இமயமலைக்கு அந்தப் பக்கமிருந்து சிங்காநல்லூர்க் குளத்தில் வந்திறங்கும் கிளுவைகளின் எச்சத்தைச் சேகரித்து வர வேண்டும். அந்தச் சின்ன வாத்துகளின் குடலில் என்னென்ன பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன என்று எங்கள் பேராசிரியர் ஆராய்ந்துகொண்டிருந்தார். "பையன் பி.எஸ்ஸி. படிச்சுப்போட்டு வாத்துப்பீ அள்றானாமா" என்று கல்யாண வீடுகளில் உறவுக்காரர்கள் சிரிப்பார்கள். பீயை அள்ளாமல் நோய் எங்கிருந்து வருகிறதென்று எவன் கண்டுபிடிப்பான் என்று நான் சண்டைக்குப் போவேன்.

என் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு அந்த எச்சத்திலிருந்து ஒரு விடை வேண்டியிருந்தது.

முந்தைய மார்கழியில் அவளுடைய நான்கு வயது மகனுக்குப் பிடித்த இருமல் விடவேயில்லை. கிளுவைக் கறிச்சாறு நெஞ்சுச்சளிக்குக் கேட்கும் என்று யாரோ சொல்ல, குளத்தங்கரையில் கண்ணி வைப்பவரிடம் ஒன்றை வாங்கினாள். அவள் புகுந்த வீட்டில் கவிச்சி அடுப்படிக்குள் நுழையக் கூடாது. அதிலும் மார்கழி. மாமியார் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் மூன்று கல் கூட்டி, சாண வரட்டி வைத்துத் தீ மூட்டி, தனிச்சட்டியில் வேகவைத்து, சாற்றை அவசர அவசரமாக ஊட்டினாள். மறுநாள் பிள்ளைக்கு வாந்தியும் பேதியும் கண்டது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை.

குளத்துப் பறவையை அறுத்துப் போட்டுப் பேரனைக் கொன்றுவிட்டாள் என்று சாவு வீட்டிலேயே மாமியார் சொன்னார். அந்த அம்மாளை எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. அக்கா தன்மேல் விழுந்த பழியைத் தூக்கிப் பறவைமேல் போட்டுவிட்டாள். அந்தச் சனியன் எங்கிருந்தோ நஞ்சைச் சுமந்துகொண்டு வந்துவிட்டது என்பாள். அடுத்த ஆண்டு கிளுவைகள் திரும்பி வந்தபோது கரைமேல் நின்று கல்லெறிந்தாள். எறிந்து, வாய் ஓயும்வரை திட்டி, வீட்டுக்கு வந்து சோறு தின்பாள். அந்தக் கோபம்தான் அவளை நடமாட வைத்தது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

கிளுவை வயிற்றில் அந்த நோய் இருக்கிறதா, பார்த்துச் சொல் என்று என்னிடம் கேட்டாள். பேராசிரியரிடம் சொன்னபோது, எப்படியும் செய்கிற வேலைதானே, தேடுவோம் என்றார். விடியலில் சேற்றில் இறங்கி, ஈரம் காயாத எச்சத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டுக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, சைக்கிளில் கொண்டுவருவேன். கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டில் தடவிச் சூட்டுப்பெட்டியில் வைத்தால் மறுநாள் இளஞ்சிவப்புப் புள்ளிகளாக முளைத்திருக்கும். அவை பெரும்பாலும் சாதுவானவை. பறவை தின்பதில் தாமும் தின்று, அதன் வயிற்றிலேயே மலை தாண்டி வந்தவை. நாங்கள் தேடிய பேதிக் கிருமி நிறமில்லாமல் முளைக்கும். அப்படிச் சந்தேகம் தந்தவற்றையெல்லாம் மறுபடி சோதித்தோம். பருவம் முடிந்து கிளுவைகள் கிளம்பும்வரை நோய்க்கிருமி அகப்படவில்லை.

பேராசிரியர் ஒன்றை அழுத்திச் சொன்னார். இந்தப் பறவைகளில் இல்லை என்பதால் அந்த ஒரு பறவையிலும் இல்லை என்று ஆகாது. பிள்ளையைச் சோதிக்காமல் விட்டபிறகு, அவனைக் கொன்றது எந்தக் கிருமி என்றே தெரியாது. அதையும் சேர்த்துத்தான் அக்காவிடம் சொன்னேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதுபோல அந்தப் பறவைகள் திட்டு வாங்கியதுதான் மிச்சம் என்றும் சொன்னேன். அவள் மனசு ஆறும் என்று நம்பித்தான் போனேன்.

அக்கா அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"நல்லாப் பாத்தியா தம்பி?"

"பாத்தனுங்க்கா. ஒண்ணுலயும் இல்லீங்க."

கையிலிருந்த காயை முறத்தில் போட்டாள். பிறகு தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னாள்.

"அப்ப என் கையிலதான் இருந்துருக்குது. அவுங்க வந்துருவாங்கன்னு பயந்துட்டு, வரட்டி தொட்ட கையக் கழுவாம ஊட்டிப்போட்டேன் தம்பி."

 அப்படி யாரும் சொல்ல முடியாது, அந்தப் பறவையிலேயே இருந்திருக்கலாம் என்று பதறிப்போய்ப் பேராசிரியர் சொன்னதை மறுபடி சொன்னேன். இப்போது எதற்கு மாற்றிப் பேசுகிறாய் என்றாள். அதற்குமேல் நான் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை. மற்றவர்கள் அழுது தீர்த்த துக்கத்தை அவள் அன்றுதான் தொடங்கினாள்.

பிறகு அவள் குளத்துப் பக்கமே போகவில்லை. சில ஆண்டுகள் கழித்து ஒரு பெண் பிறந்தது. அந்தக் குழந்தைக்குச் சோறு பிசைந்து ஊட்டியதெல்லாம் மாமியார்தான். ஒரு மத்தியானம் நான் போயிருந்தபோது, குழந்தை அக்காவின் சேலையைப் பிடித்து இழுத்து, அண்ணாந்து வாயைத் திறந்து காட்டியது. அக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டாள்.

"அப்பத்தா ஊட்டுவாங்க, போ கண்ணு" என்றாள்.