டயர் கடைக்கு மேலே டோக்கெலாவ் மொழி

தீவு மக்கள் பலர் குடியேறிய மாங்கரேயில் எங்கள் வானொலி நிலையம் டயர் கடையின் மேல்மாடியில் இருந்தது. வாரத்துக்குப் பதினேழு மொழிகள். சனிக்கிழமை காலை ஒன்பது மணி டோக்கெலாவ் தீவு மொழிக்கு. பத்து மணி என்னுடைய நியுவே மொழிக்கு.

ஒன்பது மணிக்காரி லெபேகா. மற்ற நாட்களில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிப்பாள். பதினெட்டு வருடமாக டோக்கெலாவ்காரர்கள் வீட்டுச் சாவும் பிறப்பும் தீவுக்குக் கப்பல் கிளம்பும் நாளும் அவள் குரலில்தான் போய்ச் சேர்ந்தன.

புது மேலாளர் ஹாலிஸ் எங்கள் இருவரையும் அழைத்தார்.

"உங்க ஆளுங்களுக்கு சமோவா மொழி நல்லா தெரியுமே, லெபேகா. தனியா ஒரு மணி நேரம் எதுக்கு?"

"பக்கத்து வீட்டுச் சாப்பாடு பிடிக்கும்னா, உங்க அடுப்பை இடிச்சிடுவீங்களா?"

"கேக்குறதே நாலு பேரு. இந்தச் சனிக்கிழமையோட முடிச்சுக்கோங்க. அந்த நேரம் நியுவேக்குப் போகும்."

கூடுதல் நேரம் கேட்டு இரண்டு வருடமாக அலைந்தவன் நான். பேசாமல் நின்றேன். படியிறங்கும்போது லெபேகா கேட்டாள்: "ஏண்டா, வாயில என்ன, கருவாடா?"

எனக்கு முகம் சுட்டது.

சனிக்கிழமை ஒலிவாங்கி முன் உட்கார்ந்ததும் தன் மொழியில் சொன்னாள்: "நாலு பேர்தான் கேக்குறீங்களாம். அந்த நாலு பேரும் உடனே டயர் கடைக்கு வாங்க. எண்ணிப் பாத்துக்கட்டும்."

கால் மணியில் முதல் வேன் வந்தது. பிறகு தெருவே அடைத்துக்கொண்டது. பாதி முகம் மழித்த ஒருவர் துண்டோடு வந்தார். பெண்கள் ஈரத் தலையோடு வந்தார்கள். தாளம் போடும் மரப்பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து கையால் அறைந்து பாட, படிக்கட்டு முழுக்க ஆட்டம்.

"மாடி தாங்காதுங்க!" என்று ஹாலிஸ் கத்தினார்.

"நாலு பேரைத் தாங்காத மாடியா?" என்றாள் லெபேகா. அதுவும் ஒலிபரப்பானது.

திங்கட்கிழமை ஹாலிஸ் பாதி இறங்கி வந்தார்: அவளுக்கு நாற்பது நிமிடம், மிச்சம் இருபது எனக்கு. அடுத்த சனிக்கிழமை ஒன்பது நாற்பதுக்கு அவள் இருக்கையை விட்டு எழவில்லை. கண்ணாடிக்கு அப்பால் ஹாலிஸ் என்னை உள்ளே போகச் சொல்லிக் கையாட்டினார். நான் நாற்காலியை இழுத்து வாசலில் போட்டு உட்கார்ந்தேன்.

"பத்து மணிக்குத்தான் என் நேரம். நீங்க பேசுங்கக்கா."

அவள் பத்து மணி வரை பேசினாள். மூன்று எச்சரிக்கைக் கடிதங்கள் வந்தன. மூன்றுக்கும் டோக்கெலாவ் மொழியிலேயே பதில் எழுதினாள். படித்துச் சொல்ல அலுவலகத்தில் வேறு ஆளில்லை. அவளையே கூப்பிட்டார்கள்.

"சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ரேடியோவைப் போடுங்க, வாசிக்கிறேன்" என்றாள். மூன்று பதிலையும் தன் மொழியிலேயே வாசித்தாள். நாலாவது கடிதம் வரவில்லை.