பூவரசங்கொப்புக் கட்டின ஓட்டப்பாதை

மலைக்காட்டுக்குள்ளே ஒற்றையடிப் பாதையால் ஓடுகிற பந்தயம் இருக்கிறதாம். வெளிநாட்டில் இருக்கிற மகள் சொன்னவள். போன மாதம் அவளும் ஓடினவளாம். ஏற்றம், இறக்கம், கல்லு, ஆறு. வழி தவறாமல் இருக்க மரத்துக்கு மரம் நிறத்துணி கட்டி வைப்பார்களாம். "உங்களுக்கு இதெல்லாம் விளங்காது அம்மா" என்று சிரித்தாள்.

எனக்கா விளங்காது? அவள் மூக்குச் சிந்திக்கொண்டு என் சீலைத் தலைப்பைப் பிடித்து நின்ற காலத்தில் நெடுந்தீவில் ஓட்டப்பாதை போட்டவள் நான். அதை எழுதி வைக்க வேணும் என்று இருந்து எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்து மெல்லத்தான் வரும். வரட்டும். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

எங்கள் தீவில் மலை கிடையாது. ஆனால் வழி தவற மலை வேண்டியதில்லை. காணிக்குக் காணி கடலில் எடுத்த வெள்ளை முருகைக்கல்லை அடுக்கிக் கட்டின வேலி. சாந்து இல்லை, கல்லின் மேல் கல்லு. ஒரு வேலியைப் போலத்தான் மற்ற வேலியும். இரண்டு வேலிக்கு நடுவில் ஒழுங்கை. அது போய் இன்னொரு ஒழுங்கையில் முட்டும், அது மூன்றாய்ப் பிரியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் சத்தம் கேட்கும். துறைக்குப் போக வெளிக்கிட்ட வெளியூரார் ஆருடையோ மாட்டுப்பட்டியில் போய் நின்று முழிப்பார்கள்.

எனக்கு அப்படி இல்லை. ஏழு மாடு, பத்துப் பன்னிரண்டு ஆடு வைத்திருந்த வீடு எங்களுடையது. விடியக் கறந்த பாலைத் தலையில் வைத்துக்கொண்டு துறைக்குப் போவேன். லோஞ்ச் படகு ஒருவருக்கும் காத்து நிற்காது. அதனால் எந்த வேலியில் எந்தக் கல்லு ஆடும், எந்த இடைவெளிப் பொட்டுக்குள்ளால் குடத்தோடு நுழையலாம், எந்த வளவில் நாய் இருக்குது, எல்லாம் என் காலுக்குத் தெரியும். நடை என்று சொல்கிறேன், பாதி நாள் ஓட்டம்தான். ஒரு துளி சிந்தமாட்டேன்.

எழுபதுகளில் ஒரு சித்திரை. அப்போது எனக்கு முப்பது வயது தாண்டவில்லை. வருசப் பிறப்புக்கு மறுநாள் ஊர் வாலிபர் கழகம் ஒரு நீண்ட ஓட்டப்பந்தயம் வைக்க எண்ணினது. நயினாதீவு, புங்குடுதீவுப் பெடியளும் வருவதாக இருந்தது. பாதை போடும் பொறுப்பு பள்ளிக்கூட வாத்தியாருக்கு. அவர் வெளியூர், கரம்பொன் ஆள். நல்ல மனுசர், ஆனால் எதையும் கடதாசியில் கீறிப் பார்த்தால்தான் நம்புவார். கழகக்காரர் சுற்றி நிற்க அவர் கீறிக்கொண்டிருந்த நேரம் நான் வெறுங்குடத்தோடு துறையால் வந்தேன். எட்டிப் பார்த்தேன். கடதாசியில் நேராக ஒரு கோடு, திரும்பி வர இன்னொரு கோடு.

"என்ன சேர் உது?"

"ஓட்டப்பாதை. பெரிய றோட்டாலை போய் பெரிய றோட்டாலை வாறது."

"இது ஓட்டமோ, தேர் இழுக்கிறதோ?"

பெடியள் சிரித்தார்கள். வாத்தியார் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "ஒழுங்கையளுக்குள்ளை விட்டால் ஒருத்தன் வெளியிலை வரமாட்டான்."

"நான் பாதை போட்டால் வருவான்."

"நீர் போடுவீரோ? அப்ப கீறிக் காட்டும் பாப்பம்." பென்சிலை நீட்டினார்.

எனக்கு முகம் சுட்டது. "கீற ஏலாது சேர். நடந்து காட்ட ஏலும்."

இந்த முறை அவர்கள் சிரித்தது என்னைப் பார்த்து. நான் குடத்தை இறக்கி வைத்தேன். "எல்லாரும் கேளுங்கோ. நான் போடுற பாதையிலை ஒருத்தன் வழி தவறினாலும், இனி இந்த ஊரிலை பாதையைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டன்."

"ஓம், கேட்டாச்சு" என்றார் வாத்தியார். "சந்தியளிலை துணி கட்டுவமோ?"

"துணியைப் பெடியள் கழட்டிப்போடுவினம். எங்கடை கிணத்தடியிலை பூவரசு நிக்குது. பச்சைக் கொப்பு வெள்ளைக் கல்லிலை பளிச்செண்டு தெரியும்."

அப்படிச் சொன்னவள் நான்தான். இன்னொருவர் மேல் பழி போட இடமில்லை.

பள்ளிக்கூட வெளியில் தொடங்கி, வளைந்து வளைந்து தீவின் தெற்கில் குதிரைகள் தன்பாட்டில் மேய்கிற வெட்டைவெளி வரை போய், நல்லதண்ணிக் கிணற்றடியால் திரும்பி, பனங்கூடலுக்குள்ளால் பள்ளிக்கூடத்துக்கே வருகிற பாதை. வழி பிரிகிற சந்தி ஐந்து. பந்தயத்துக்கு முதல் நாள் பின்னேரம் ஐந்திலும் கொப்புக் கட்டினேன், தென்னம் நாரால் இறுக்கி. தூரப் போய்த் திரும்பிப் பார்த்தேன். பச்சை நல்ல வடிவாய்த் தெரிந்தது.

மறுநாள் குறிகட்டுவான் துறையால் வந்த லோஞ்சில் பெடியள் வந்து இறங்கினார்கள். எங்கள் ஊராக்களோடு சேர்த்துப் பதினேழு பேர். நான் வருசத்துக்கு எடுத்த சிவப்புச் சீலையோடு முன்னுக்கு நின்றேன். வாத்தியார் விசில் அடித்தார். பதினேழும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது.

புழுதி அடங்க முதல் என்ர மனுசன் வந்தார். கையில் எங்கள் வெள்ளாடு.

"இஞ்சை, உன்ர பாதையை இது திண்டுபோட்டுது."

"எது? முதல் சந்தியோ?"

"முதல் சந்தியை முடிச்சு ரண்டாம் சந்தியிலை நிண்டதைப் பிடிச்சுக்கொண்டு வாறன். அங்காலை வெட்டையிலை மாடும் குதிரையும் நிக்குது. அதுகள் நோன்பு பிடிக்குதுகள் எண்டு நினைக்கிறியோ?"

சித்திரை மாதம். புல்லு எல்லாம் கருகி, மண்ணை முகர்ந்துகொண்டு திரியுதுகள் சீவன்கள். ஆடு மாடு வளர்க்கிறவள் நான், தெரிந்திருக்க வேண்டாமோ? ஊர் முழுக்க ஐந்து இடத்தில் அதுகளுக்கு விருந்து வைத்திருக்கிறேன்.

வாத்தியாரிடம் சொல்லலாம். அவர் முன்னால் நான் சொன்ன சொல்லு என்னாவது? சீலைக் கொய்யகத்தை இழுத்து இடுப்பில் சொருகினேன்.

"எங்கை போறாய்?"

"பாதை போட!"

முதல் சந்திக்கு அவர்கள் சுற்றி வர வேணும். நான் பக்கத்து வளவுப் பொட்டுக்குள்ளால் நுழைந்து, அந்த வீட்டுக் குசினி வாசலால் ஓடினேன். மீன் வெட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரி அரிவாளோடு எழும்பினாள்.

"என்னடி, மாடு அவிட்டுக்கொண்டு ஓடுதோ?"

"ஓம் அக்கா, பதினேழு!"

சந்தியில் என் கால் நின்றதும் அவர்கள் வந்ததும் சரி. "இடப்பக்கம்! இடப்பக்கம்!" என்று கத்தினேன். எல்லாரும் இடப்பக்கம். ஆனால் பின்னால் வருகிறவர்களுக்காக நின்றால் அடுத்த சந்தி போய்விடும். அங்கே கிடந்த காய்ந்த பனைமட்டையை இழுத்துப் பிழையான ஒழுங்கைக்குக் குறுக்கே போட்டேன். அதை ஒரு ஆடும் தின்னாது. முதல் நாளே இந்தப் புத்தி வந்திருந்தால் நான் நிம்மதியாய் நின்று கைதட்டியிருப்பேன்.

இரண்டாம் சந்திக்கு ஒரு வேலி ஏறிப் பாய்ந்தேன். கல்லு ஒன்று உருண்டது, காலில் தோல் போனது, பார்க்க நேரமில்லை. கத்தல், மட்டை, மறுபடி ஓட்டம். மூன்றாவது வெட்டை விளிம்பு. அங்கே குதிரைக் கூட்டம். ஒன்றின் வாயில் என் நார்த்துண்டு தொங்குகிறது, நிம்மதியாய் மென்றுகொண்டு என்னைப் பார்க்கிறது. பெடியள் வெட்டையில் இறங்கினதும் குதிரைகள் மிரண்டு, அவர்கள் ஓடுகிற பக்கமே சேர்ந்து ஓடின. பிடரி மயிர் பறக்கக் குதிரைகள், பக்கத்தில் சேட்டுப் போடாத பெடியள், பின்னால் கடல். அந்த அவதியிலும் நான் ஒரு நிமிசம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் மட்டையும் கிணற்றடியும் நினைவு வந்தது.

கிணற்றடிச் சந்தியில் முன்னுக்கு வந்தவன் நயினாதீவுக் கோயில் ஐயர் வீட்டுப் பெடியன். என்னைக் கண்டதும் ஓடிக்கொண்டே கேட்டான்: "அக்கா, உங்கடை ஊரிலை பொம்பிளையள் எல்லாருக்கும் ஒரே சிவப்புச் சீலையோ?" பதில் சொல்ல எனக்கு மூச்சில்லை. கையைத்தான் காட்டினேன், பிறகு ஒரு மட்டையை இழுத்துப் போட்டேன்.

பனங்கூடலிலும் மட்டை போட்டுத் திருப்பி விட்டு, பள்ளிக்கூடப் பின் வேலியால் புகுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காதவள் போல நின்றேன். நயினாதீவுப் பெடியன்தான் முதலாவது. மற்றவர்கள் ஒவ்வொருவராய் வந்தார்கள். வாத்தியார் எண்ணினார். திரும்ப எண்ணினார்.

"பதினாறு. ஒராள் குறையுது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வராத ஆள் புங்குடுதீவில் கடை வைத்திருக்கிற ஒரு தம்பி. கனத்த உடம்பு, சினேகிதர் உசுப்பேற்றி ஓட வந்தவர்.

"பாத்துக்கொண்டு வாறன் சேர்" என்று சொல்லி, வந்த வழியே திரும்பி நடந்தேன். இப்போது ஓட ஏலாது. அந்த நடைதான் எனக்கு நீளமாய் இருந்தது. பனங்கூடலில் இல்லை. நான் போட்ட மட்டை போட்டபடி கிடக்குது. கிணற்றடிக்கு வந்தால், மாடு தண்ணி குடிக்கிற தொட்டிக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு ஆள் இருக்கிறார்.

"தம்பி, வழி தெரியாமலோ இஞ்சை இருக்கிறீர்?"

"வழி தெரியும் அக்கா. அங்கை மட்டை கிடக்குது, இஞ்சாலை திரும்ப வேணும். கால்தான் ஏலாது."

எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் விடவில்லை. "அக்கா, நான் வழி தவறிப்போனன் எண்டு சொல்லுவமே? கால் ஏலாமல் இருந்திட்டன் எண்டால் நாளைக்குக் கடையிலை இருக்க விடமாட்டாங்கள். ஒரே பகிடிதான்."

"உமக்குப் பகிடி. எனக்கு?" நான் வாத்தியாருக்கு முன்னால் சொன்ன சொல்லை அவருக்குச் சொன்னேன். அவர் காலைத் தண்ணிக்குள் ஆட்டிக்கொண்டு யோசித்தார்.

"அப்ப ரண்டு பேரிலை ஆரோ ஒராள் வெக்கப்பட வேணும்."

"ஒருத்தரும் வெக்கப்படத் தேவையில்லை. எழும்பும். பனங்கூடல் மட்டும் என்னோடை நடந்து வாரும். அங்கையிருந்து ஓடும்."

"பிந்தினதுக்கு என்ன சொல்லுறது?"

"தண்ணி குடிச்சனான் எண்டு சொல்லும். குடிச்சனீர்தானே?"

"குடிச்சனான். நல்ல தண்ணி."

"அதையும் சொல்லும்."

பனங்கூடலிலிருந்து அவர் ஓடினார். ஓட்டம் என்று சொல்ல ஏலாது, ஆனால் இரண்டு காலும் மாறி மாறித் தரையை விட்டது. சனம் முதலாவதாய் வந்தவனுக்குக் கூட அப்படிக் கைதட்டவில்லை. வாத்தியார் அவரை மறித்தார்.

"வழி தவறினீரோ?"

தம்பி என்னைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். "இல்லை சேர். கிணத்தடியிலை தண்ணி குடிச்சுக்கொண்டு நிண்டனான். உங்கடை ஊரிலை நல்ல தண்ணி."

வாத்தியார் பதினேழு என்று எழுதினார். பிறகு என்னிடம் திரும்பினார். "சந்திக்குச் சந்தி ஒரு பொம்பிளை நிண்டு கத்தினவவாம். எத்தினை பேரை நிப்பாட்டினீர்?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். என்ர மனுசன் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். வென்ற பிறகு எனக்கென்ன பயம்?

"ஒராள்தான் சேர். நான்தான். கொப்பை ஆடு திண்டிட்டுது."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி, கண் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நயினாதீவுப் பெடியன் தலையில் அடித்துக்கொண்டான்.

"அப்ப நீர் போட்டது பிழைதானே?" என்றார்.

"கொப்புக் கட்டினது பிழை சேர். பாதை பிழையில்லை."

அவர் சிரிப்பை நிறுத்தி என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு சனத்துக்குக் கேட்கச் சொன்னார்: "ஓம். பாதை பிழையில்லை."

கழகக்காரர் ஒருவர், விருந்தாளிகளுக்கென்று போட்டிருந்த கதிரைகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் வைத்தார். நான் கொய்யகத்தை இறக்கி விட்டு, அதில் மெல்ல இருந்தேன்.