சாவி கைமாறிய வெள்ளிக்கிழமை

கொச்சியில் பயணிக் கப்பல் வந்து நிற்கிற கரையைச் சர்க்கார் ஒழித்துக்கட்டிப் புதுசாகப் பண்ணப் போகிறதாம். கடை, கிட்டங்கி, கம்பிவேலி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஜனங்கள் குடும்பத்தோடு வந்து காற்று வாங்க நடைபாதையும் பெஞ்சும் போடுவார்களாம். இதை மஜீதிடம் சொன்ன நஞ்சப்பன் கொச்சியைக் கண்ணால் பார்த்தவரில்லை. அவருடைய மருமகன் தேங்காய் லாரி ஓட்டுகிறவன். அவனுக்கு ஆலுவாயில் ஒரு டீக்கடைக்காரன் சொன்னானாம்.

“உங்க கடையும் அந்தக் கரையிலதானுங்களே ராவுத்தரே?” என்றார் நஞ்சப்பன், கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் வெற்றிலைக் கட்டைப் பிரித்துக்கொண்டே. “இந்த வாரம் ஒவ்வொரு கடையா வந்து அளக்கறாங்களாமா. தொறந்திருந்தா வேற எடம் குடுப்பாங்களாமா. பூட்டிக் கெடந்தா ஆளில்லாத கடைன்னு தள்ளிருவாங்களாமா.”

“கொச்சியில திமிங்கலம் கரையேறி டீ குடிச்சுதுன்னு சொன்னது இதே மருமகன்தானுங்களே?” என்றார் மஜீத்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மஜீதும் சிரித்தார். வீட்டுக்கு நடக்கும்போதுதான் அந்தச் சிரிப்பு அவரை விட்டுப் போயிற்று. வருகிற வெள்ளிக்கிழமை கடை பூட்டித்தான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

அந்தக் கடையைப் போட்டவர் அவருடைய அத்தா முகம்மது குட்டி ராவுத்தர். கப்பலேறுகிறவனுக்கு என்ன வேண்டுமோ அதெல்லாம் அங்கே கிடைக்கும்: தகரப்பெட்டி, கயிறு, பாய், குமட்டலுக்கு எலுமிச்சை ஊறுகாய். பெட்டி வாங்கினால் கயிறு போட்டுக் கட்டிக்கொடுப்பார்கள். ராவுத்தர் கடைக் கட்டு பினாங்கு போய்ச் சேர்ந்தாலும் அவிழாது என்று கரையில் ஒரு பேர். அத்தாவுக்குப் பிறகு மஜீதும் தம்பி நூஹுவும் முறை வைத்து உட்கார்ந்தார்கள். ஒருவர் அரை வருஷம் கடையில், மற்றவர் அரை வருஷம் ஊரில். இரண்டு குடும்பமும் அந்த ஒரு கடையைத்தான் தின்றுகொண்டிருந்தன.

முறை மாறுவதற்கு ஒரு வழக்கம் இருந்தது. அத்தா தம் சொந்த அண்ணனோடு சாகிறவரை பேசாமல் போனவர். மூன்றாம் ஆள் மூலம் கைமாறிய ஒரு சாவி அந்தச் சண்டைக்குக் காரணம். அதனால் பிள்ளைகளிடம், “சாவி மாறறது என் கண்ணு முன்னால நடக்கோணும்” என்று சொல்லிவைத்தார். அவர் இருந்தவரை வீட்டில் மாறியது. போன பிறகு, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, அவரை அடக்கிய கபருக்குப் பக்கத்தில் மாறியது. ஊர்ப் பள்ளிவாசலில் ஓர் அண்ணன் தம்பி இப்படி இருக்கிறார்களே என்று மற்றவர்கள் சொல்லிக்காட்டுகிற மாதிரி மாறியது. கடையில் இருந்தவர் பூட்டிவிட்டு ஊருக்கு வருவார்; அந்த இரண்டொரு நாள் கடை பூட்டிக் கிடக்கும். வருகிற வெள்ளிக்கிழமை நூஹு வர வேண்டிய முறை.

மனைவி கைருன்னிசா விஷயத்தைக் கேட்டதும் அடுப்பிலிருந்து எழுந்து வந்தாள்.

“ஏனுங்க, தம்பிக்கு ஒரு தந்தி குடுத்தா என்னங்க? இந்தத் தடவ வர வேண்டாம், கடையிலயே இருன்னு?”

“லாரிக்காரன் பேச்சைக் கேட்டு அத்தா பேச்சைத் தள்ளச் சொல்றியா?”

“நான் எதையும் தள்ளச் சொல்லலீங்க. கடையைத் தள்ளிருவாங்கன்னு சொல்றேன்.”

மஜீத் தந்தி ஆபீசு வழியாகவே இரண்டு தடவை போய்வந்தார். உள்ளே போகக் கால் வரவில்லை. வர வேண்டாம் என்றால் நூஹு என்ன நினைப்பான்? முறை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் அண்ணன் ஏதோ யோசனை பண்ணுகிறார் என்றா, அண்ணி ஏதாவது சொல்லிக்கொடுத்துவிட்டாள் என்றா?

நூஹு வந்தான். வழக்கம்போலக் கபருக்குப் பக்கத்தில் சாவியைக் கொடுத்தான். மஜீத் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மறுநாள் கொச்சியில் இறங்கி நடந்தபோது, தூரத்திலேயே தெரிந்தது. வரிசைக் கடைகளின் கதவில் எல்லாம் வெள்ளைச் சாயத்தில் நம்பர். அவருடைய கதவில் மட்டும் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.

அடுத்த கடை சிலுவைராஜுடையது. பீர்மேட்டுத் தேயிலைக் காட்டை விட்டு வந்து டீக்கடை போட்டவன்.

“நேத்து மத்தியானம் வந்தானுவ அண்ணாச்சி. நா எவ்வளவோ சொன்னேன், ஊருக்குப் போயிருக்காவ, வந்துருவாவன்னு. எங்கிட்ட சாவி இருந்தா தொறந்து வச்சிருப்பேம்லா.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “நூஹுகிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேன், அளக்க வாரான், போகாதடான்னு. போகலேன்னா அண்ணன் நம்மள தப்பா நெனச்சிருவாருன்னுட்டான்.”

மஜீத் ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். சேதி அவனுக்கும் தெரிந்திருக்கிறது. அவருக்கும் தெரிந்திருந்தது. சந்தேகம் வரக் கூடாது என்று அத்தா வைத்த வழக்கத்தைச் சந்தேகத்துக்குப் பயந்தே இரண்டு பேரும் காப்பாற்றியிருக்கிறார்கள்.

துறைமுக ஆபீசில் இருந்தவர் கெட்டவரில்லை. உட்காரச் சொன்னார். முழுக்கக் கேட்டார்.

“ஒரு சாவி கொடுக்கான் ரெண்டாளும் போகணோ?” என்று மலையாளத்தில் கேட்டார், ஒரு சாவி கொடுப்பதற்கா இரண்டு பேரும் போக வேண்டும் என்று.

அத்தாவின் சண்டை, கபர், ஜும்ஆ எல்லாம் மஜீதின் வாய்வரை வந்தன. மின்விசிறிக்குக் கீழே, அந்த மேஜைக்கு முன்னால், அவற்றில் ஒன்றுகூடக் காரணமாகத் தோன்றவில்லை.

“எங்க வழக்கமுங்க,” என்று மட்டும் சொன்னார்.

சுவரில் பெரிய படம் மாட்டியிருந்தது. புதுக் கரை. நிழல் மரம், பெஞ்சு, பலூன் பிடித்த குழந்தை, தூரத்தில் வெள்ளைக் கப்பல். அவருடைய கடை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரம் குடை விரித்து நின்றது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கோபப்படக்கூட அந்தப் படம் இடம் கொடுக்கவில்லை.

“பொதுஜனங்கள்க்கு வேண்டியல்லே,” என்றார் அதிகாரி, எல்லாம் பொதுஜனங்களுக்காகத்தானே என்று. ஒரு கமிட்டி கூடும், வேறு இடம் கேட்டு அதில் சொல்லிப் பார்க்கிறேன், இனிமேல் ஏதும் செய்ய முடியும் என்று தோன்றவில்லை, ஆனாலும் கூடின மறுநாள் கூப்பிடுங்கள் என்று கூடுகிற தேதியும் டெலிபோன் நம்பரும் கொடுத்தார்.

சிலுவைராஜ் இதைக் கேட்டுவிட்டு, “அப்ப நம்ம யாரு அண்ணாச்சி, தனிஜனமா?” என்றான். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

கடையை இடித்தார்கள். தகரப்பெட்டிகள் லாரியேறி ஊருக்கு வந்தன. கப்பலேறுகிறவன் கொழிஞ்சாம்பாறையில் யார்? ஒரு பெட்டியில் கைருன்னிசா அரிசி கொட்டி வைத்தாள். மிச்சம் தாழ்வாரத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. நூஹு எலப்புள்ளியில் ஒரு நெல் மண்டிக்கு மூட்டை எண்ணப் போனான். ஒருநாள், “அண்ணே, நான் வராம இருந்திருக்கலாம்” என்றான்.

“நான் தந்தி குடுத்திருக்கலாம்,” என்றார் மஜீத்.

அதற்குமேல் அவர்கள் அதைப் பேசவில்லை. வேறு எதையும்கூட அதிகம் பேசவில்லை.

கமிட்டி கூடின மறுநாள், துறைமுக அதிகாரியைக் கூப்பிட அண்ணனும் தம்பியும் தபாலாபீசுக்குப் போனார்கள். போஸ்ட்மாஸ்டர் சுந்தரேசன், கல்பாத்திக்காரர், டிரங்க் கால் பதிந்துகொண்டு உட்காரச் சொன்னார். வெயில் வாசலிலிருந்து சுவருக்கு ஏறிய பிறகு லைன் கிடைத்தது.

“வாங்கோ ராவுத்தரே. மணி அடிக்கறது.”

மஜீத் ரிசீவரைக் காதில் வைத்தார். தூரத்தில், ஒரு காலி அறையில் அடிப்பதுபோல அடித்தது. நின்று, மறுபடி அடித்தது.

“எடுத்தாங்களா அண்ணே?”

மஜீத் தலையசைத்தார், இல்லையென்று.

“சாப்பிடப் போயிருப்பா,” என்றார் சுந்தரேசன். “இல்லேன்னா எடுக்க இஷ்டமில்லையோ என்னவோ. வச்சுடறேளா?”

“கொஞ்சம் பொறுங்க சாமி,” என்றார் மஜீத். வேர்த்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ரிசீவரை மறுகாதுக்கு மாற்றினார். நூஹு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மணி அடித்துக்கொண்டிருந்தது.