தணல் சுடாத பாதம்

மூன்று ஆண்டுகளுக்கு முன், லுக்குட் ஊருக்கு அப்பால், எங்கள் குடும்பங்கள் வேலை பார்த்த பழைய செம்பனைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தீமிதி நடந்த நாள் அது. தோட்டத்தில் இப்போது எங்கள் ஆட்கள் யாரும் குடியில்லை. செண்டாயான், சிரம்பான் என்று பக்கத்து ஊர்களுக்குச் சிதறிப்போன நாங்கள் திருவிழாவுக்கு மட்டும் வந்து, செம்பனை மர நிழலில் காரை நிறுத்திவிட்டுச் செருப்பைக் கழற்றுவோம்.

அன்று என் அக்காவின் கணவர் தீ மிதித்தார். நாட்டுக்காகக் கிரிக்கெட் ஆடிய மட்டையாளர் அவர். தோட்டத்துத் திடலில் கட்டையால் அடிக்கத் தொடங்கி, தேசியச் சட்டையோடு காட்மாண்டு, நைரோபி என்று ஆடிவிட்டு வந்தவர். காற்பந்துக்கு மயங்கும் நாட்டில் அவரை யாருக்குத் தெரியும்? வெளியூரில் சதம் அடித்துத் திரும்பிய மறுநாள், வேலை செய்யும் தொழிற்சாலை வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். சிரித்துக்கொண்டே காட்டுவார்.

அந்த வருஷம் ஓட்டங்கள் வற்றிவிட்டன. பந்து காலில் பட்டு எல்பிடபிள்யூ அவுட், மறுபடி எல்பிடபிள்யூ. முன்கால் தாமதமாக வருகிறது என்றார் பயிற்சியாளர். அணியில் இடம் போனது. கண்ணூறு என்றாள் அக்கா. இழந்த இடம் திரும்பக் கிடைக்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டு, விரதம் இருந்து, மஞ்சள் வேட்டியோடு அவர் தீக்குழியின் முன்னால் நின்றார்.

மற்றவர்கள் ஓடினார்கள். அவர் நடந்தார். தணலின் நடுவே நின்று ஒரு மூச்சுகூட விட்டார். உருமி மேளம் அதிர்ந்தது. பால்குழியில் இறங்கியவரின் பாதத்தைக் கூட்டம் தொட்டுக் கும்பிட்டது.

"சூடே இல்ல மச்சான். அம்மா வரம் கொடுத்துட்டா லா," என்றார் என்னிடம். கண்கள் நனைந்திருந்தன. நானும் நம்பினேன்.

இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, இருப்பது அவருக்குத் தெரியும். ஞாபகம் வந்தால் மாத்திரை போடுவார். கொப்புளங்கள் வந்தபோது அக்கா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினாள். அம்மன் கொடுத்த புண்ணுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்றார் அவர். வலியும் இல்லை, அந்தக் காலோடே பயிற்சிக்குப் போனார். விரல் கறுத்து வாடை வந்த பிறகுதான் சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனோம்.

மருத்துவர் இளம்பெண். கண்ணை மூடச் சொன்னார். மெல்லிய கம்பியால் உள்ளங்காலைத் தொடுவேன், பட்டதும் சொல்லுங்கள் என்றார். விரல், மேடு, குதிகால் என்று குத்திக்கொண்டே போனார். இரண்டு பாதத்திலும். அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கண் திறக்காமலே அவர் பணிவாகக் கேட்டார்: "எப்ப டாக்டர் ஆரம்பிக்கப் போறீங்க?"

மருத்துவர் கம்பியைக் கீழே வைத்தார். அவர் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார். மின்னல் வேகப் பந்தைப் படித்த கண்ணுக்கு எங்கள் முகத்தைப் படிக்க எவ்வளவு நேரம்? பல மாதங்களாகவே பாதத்தில் உணர்ச்சி இருந்திருக்காது, அடி வைப்பதே பிசகியிருக்கும் என்றார் மருத்துவர்.

"அப்ப பந்து கால்ல பட்டதெல்லாம்..." என்றார், தன் முன்காலைப் பார்த்துக்கொண்டே.

இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அடுத்த நாள் பார்க்கப் போனபோது, போர்வை தட்டையாகக் கிடந்த பக்கத்தைக் காட்டி, "இனிமே எவன் லா எனக்கு எல்பிடபிள்யூ கொடுப்பான்?" என்றார். நாங்கள் சிரிப்போம் என்றுதான் சொன்னார். அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள்.

தீமிதிக்கு இன்றும் போகிறேன். தணலை அமைதியாகக் கடந்து வருகிறவர்களைக் கண்டால் முதலில் அவர்களின் பாதத்தைத்தான் பார்க்கிறேன். சுடுகிறதே என்று துடித்துக்கொண்டு ஓடிவருகிற ஆளைக் கண்டால்தான், அம்மன் அருள் இவரிடம் இருக்கிறது என்று என் கைகள் குவிகின்றன.