அண்ணியின் சக்கர நோட்டு

என் அண்ணியைப் பற்றி யாராவது “பார்க்கிங்ல நிக்கிற அம்மாதானே” என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நிற்பதற்கா சம்பளம் கொடுக்கிறார்கள்? சந்தைக்குப் பின்னால் இருக்கும் நகராட்சி வண்டி நிறுத்துமிடத்தில் பதினோரு வருடம் நடந்தவர் அவர். எண்பது கார் நிற்கும் இடம். மணிக்கு ஒரு சுற்று. மழை வந்தால் குடையோடு அதே சுற்று.

மூன்று மணி நேரத்துக்கு மேல் எந்த வண்டியும் நிற்கக் கூடாது என்று அங்கே ஒரு பலகை உண்டு. பலகை பாட்டுக்குப் பலகை, வண்டி பாட்டுக்கு வண்டி. ஆரம்பத்தில் அண்ணி டயரில் சாக்பீஸ் கோடு போட்டுப் பார்த்தார். ஈரத்துணியால் துடைத்துவிட்டு “இப்பத்தான் வந்தேன்” என்று சாதித்தார்கள். அதனால் துடைக்க முடியாத ஒன்றை அவர் கண்டுபிடித்தார். சக்கரத்தில் காற்றடிக்க ஒரு வால்வு நீட்டிக்கொண்டிருக்கும் அல்லவா? சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டு, அந்த வால்வு எத்தனை மணியில் நிற்கிறது என்று நோட்டில் எழுதினார். முன் சக்கரம் மூன்று, பின் சக்கரம் எட்டு. அடுத்த சுற்றிலும் மூன்று, எட்டு என்றே இருந்தால் வண்டி அசையவில்லை என்று அர்த்தம். “விடும்மா, பெரிய மனுஷங்க வண்டி” என்றார் மேலதிகாரி. அண்ணி சண்டையை விட்டார். எழுதுவதை விடவில்லை.

வண்டிகளோடே பழகியதில் அவருக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. மாலையில் கிளம்பாத வண்டிகளுக்கு மெக்கானிக் வரும்போதெல்லாம் பக்கத்திலேயே நின்று பார்ப்பார். ஒருநாள் தொழிற்பயிற்சிப் பள்ளிக்குப் போய், வாகன மின்பழுது படிப்பில் சேர்ந்துவிட்டு வந்தார். மாலை வகுப்பு, இரண்டு வருடம். அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. எட்டாம் வகுப்போடு நின்றவர்.

“இந்த வயசுல பையைத் தூக்கிட்டுப் போகப் போறீங்களா அண்ணி?” என்று நான் சிரித்தேன். சிரித்தேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை.

“பையை யாரு தூக்கினா? டெஸ்டர் பாக்கெட்லயே அடங்கிடும்” என்றார்.

லாரி ஓட்டும் என் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. “அவ படிச்சு முடிச்சா, என் லாரி இனி வெளியாள்கிட்ட போகாது” என்று அப்போதே சொல்லித் திரிந்தான்.

தேர்வுக்கு நாலு மாதம் இருக்கும்போதுதான் இடி விழுந்தது. நகர மன்றக் கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதும் எழுத்தர் நான். அடுத்த கூட்டத்துக்கான தாளை அடிக்கும்போதே என் விரல் நின்றுவிட்டது. சந்தைக்கு வருகிறவர்களுக்கு வண்டி விட இடம் போதவில்லையாம். பயிற்சிப் பள்ளியின் பணிக்கூடத்தை இடித்து நாற்பது வண்டிக்கு இடம் செய்யப் போகிறார்களாம். படிப்பை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்களாம். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். வேலையையும் வைத்துக்கொண்டு அண்ணி அங்கே போக முடியாது. இரண்டு வருட உழைப்பு, ஓர் ஓட்டெடுப்பில் போய்விடும்.

கூட்டத்தில் பொதுமக்கள் ஐந்து நிமிடம் பேசலாம். பேசுகிறேன் என்று அண்ணி சீட்டு கொடுத்துவிட்டார்.

“வேண்டாம் அண்ணி, நீங்க தற்காலிக ஊழியர். வாயைத் திறந்தா வேலை போயிடும்.”

“போனா போகட்டும். கூடம் போயிட்டா எனக்கு மிச்சம் என்ன?”

அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

கூட்டத்தன்று சலவை செய்த சீருடையில் வந்தார், கையில் நோட்டோடு. நான் தலைவருக்குப் பக்கத்து மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

“ஐயா, இடம் போதலைன்னு சொல்றீங்க. இடம் இருக்கு. எண்பது வண்டி நிக்கிற இடத்துல நாப்பத்து மூணு வண்டி காலைல வந்து சாயந்தரம்தான் நகருது. எல்லாம் நோட்டுல இருக்கு. முதல் வரிசைல மூணாவது, சிவப்புக் கார். ஒன்பது மணிக்கு வருது, அஞ்சரைக்குப் போகுது. அது என் நாத்தனார் வண்டி. இதோ, உங்க பக்கத்துல உக்காந்து எழுதிட்டிருக்கா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மன்றமே திரும்பி என்னைப் பார்த்தது. உறவுக்காரி என்று கண்டும் காணாமல் விட்டிருக்கிறார் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்! பாவி, முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். பிறகு இரண்டாவது வண்டி, மூன்றாவது வண்டி என்று நம்பரோடு படித்துக்கொண்டே போனார். பாதிக்கு மேல் எங்கள் அலுவலகத்து ஆட்களுடையது. ஒன்று தலைவருடையதே.

தலைவர் தொண்டையைச் செருமினார். “வெளிய போயிட்டு வந்து, மறுபடி அதே இடத்துல விட்டிருக்கலாமேம்மா?”

“விட்டிருக்கலாம் ஐயா. ஆனா நாலு தெரு சுத்திட்டு வந்த வண்டிக்கு, முன் வால்வு மறுபடி மூணு மணியிலயும் பின் வால்வு எட்டு மணியிலயும் வந்து நிக்காது. ஒருநாள் வேணா நிக்கும். தினமும் நிக்குமா?”

டயர் கடை வைத்திருக்கும் உறுப்பினர் வாய்விட்டுச் சிரித்தார். “அந்தம்மா சொல்றது சரிதான்” என்றார்.

“நாப்பது வண்டிக்காகக் கூடத்தை இடிக்கிறீங்க. நாப்பத்து மூணு வண்டிக்கான இடம் இங்கயே இருக்கு. அங்க பதினாறு பேர் படிக்கிறோம்” என்று சொல்லிவிட்டு அண்ணி உட்கார்ந்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கூட்டம் முடிந்ததும் தலைவர் மெதுவாகச் சொன்னார்: “அந்த வண்டி நம்பர் எல்லாம் குறிப்புல வேணாம். பேசினாங்கன்னு மட்டும் போடுங்க.”

“முதல் நம்பரே என்னோடதுங்க ஐயா. எனக்கே ஆட்சேபணை இல்லை” என்றேன். நாற்பத்து மூன்றையும் ஒன்று விடாமல் அடித்தேன். என் வண்டியை முதலில் அடித்தேன்.

அந்தக் குறிப்பு ஊர் முழுக்கச் சுற்றியது. அடுத்த கூட்டத்தில் ஏழுக்கு ஐந்து என்று தீர்மானம் தோற்றது. கூடம் இடிபடாமல் தப்பியது. மூன்று மணி நேர விதியைக் கண்டிப்பாக்கினார்கள். அலுவலக வண்டிகளை ஊர் எல்லை மைதானத்துக்குத் துரத்தினார்கள். அங்கிருந்து தினமும் கால் மணி நேரம் நடக்கிறேன். ஒரு மாதம் அலுவலகத்தில் யாரும் என்னோடு தேநீர் குடிக்க வரவில்லை. போங்கள், எனக்கென்ன.

அண்ணி தேர்வில் வகுப்பிலேயே இரண்டாவதாக வந்தார். நகராட்சி வண்டிகளைப் பழுதுபார்க்கும் இடத்தில் ஒரு வேலை காலியானபோது, எழுதிப் போட்டு, பத்துப் பேரோடு செய்முறைத் தேர்விலும் கலந்துகொண்டு, வேலையை வாங்கினார். அடையாள அட்டை அடிக்கும் தாள் என் மேசைக்குத்தான் வந்தது. பழைய அட்டையில் “காவலாளி, தற்காலிகம்” என்று இருந்த இடத்தில் “வாகன மின்பணியாளர்” என்று அடித்தேன். கண் கலங்கிப் போனதால் இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. அவ்வளவு பெருமையாக இருந்தது எனக்கு.

அண்ணி வந்து அட்டையை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். சட்டையில் குத்திக்கொண்டார்.

“எங்க, உன் வண்டி மைதானத்துலதானே நிக்குது?”

“மைதானத்துலதான் அண்ணி.”

“நல்லது” என்றவர், அதற்குப் பிறகும் என் ஜன்னலருகே போய், கீழே சந்தை நிறுத்துமிடத்தின் முதல் வரிசையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.