கண்டக்டர் மிதித்த பிரேக்

மிதித்தால் என் காரின் பிரேக் பெடல் பஞ்சுபோல் உள்ளே போனது. மதியத்துக்குள் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போய், ஆஸ்பத்திரியில் இருக்கும் மகளையும் பச்சைக் குழந்தையையும் கூட்டிவர வேண்டும். பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும்போது உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க ஓர் ஆள் தேவை. மாடியில் குடியிருந்த ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரைக் கூப்பிட்டேன்.

ஒல்லியான மனிதர். வாயில் பழைய விசில். நிலைகொள்ளாமல் திரும்பித் திரும்பிப் பின்சீட்டைப் பார்ப்பார். மிதித்ததும் ஒரு விசில் அடிப்பார். நான் சக்கரத்தருகே காற்று வெளியேறும் நிப்பிளைத் திறப்பேன். அதை மூடுவதற்குள் இரண்டு விசில் கொடுத்துக் காலை எடுத்துவிடுவார். வெளியே போன காற்று திரும்ப ஏறும்.

"நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காதீங்க சார்!" என்று கத்திவிட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க. ஒரே ஸ்டாப்புல இவ்ளோ நேரம் நின்னு பழக்கமில்ல."

பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திப் பிடித்தார். நிப்பிள் வழியே வந்த ஆயிலில் குமிழ்கள் நின்றன, பெடல் கெட்டியானது. இறங்கச் சொன்னேன். அவர் அசையவில்லை. விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"காலமெல்லாம் விசில் அடிச்சிக்கினே இருந்தேன். வண்டிய நிறுத்தினது டிரைவர் காலுங்க. இன்னொரு தபா மிதிச்சிக்கிறேனே?"

அத்தனை அவசரத்திலும் நான் ஏன் காத்து நின்றேன் என்று தெரியவில்லை. மெல்ல மிதித்தார். இந்த முறை விசில் அடிக்கவில்லை.