கியர் எண்ணெய் கொதித்த நாள்

இங்கே ஒரு பொட்டலம் சோற்றோடு எஸ்டேட் வாசலைத் தாண்டினால் ஆளைப் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது நம்பும்படியாக இருக்காது. அவசரகாலச் சட்டம். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாதாம். தினமும் காலையில் என் லாரியை நிறுத்தி சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவுகிறார்கள்; ரப்பர்பால் தொட்டிக்குள் கம்பியை விட்டுத் துழாவுகிறார்கள். வெறும் வயிற்றோடு போகிறவன்தான் இங்கே யோக்கியன்.

நான் முசிறியில் பஸ் ஓட்டியவன். யுத்தகாலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பின்னால் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிய பஸ். ஏற்றத்தில் எஞ்சின் சூடாகிவிட்டால் நான் வாயைத் திறக்கவே வேண்டாம். ஜனங்கள் தாங்களாகவே இறங்கி நடப்பார்கள். யாராவது வயல் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவருவார்கள். என்னைத் திட்டிக்கொண்டேதான், ஆனால் கொண்டுவருவார்கள். வண்டி சூடானால் நிறுத்த வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த நியாயம். யுத்தம் முடிந்து மலாயாவுக்கு வந்து, மெர்லிமாவுக்கு உள்ளே ஒரு ரப்பர் எஸ்டேட்டில் லாரி டிரைவராகச் சேர்ந்த பிறகுதான் அந்த நியாயம் கடல் தாண்டாது என்று தெரிந்தது.

எனக்குக் கொடுத்தது பழைய பட்டாளத்து லாரி. துப்பாக்கிச் சூட்டுக்குப் பயந்து தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அதைச் சுற்றி இரும்புத் தகடு அடித்திருந்தார். அந்தக் கனத்தோடு பின்னால் ஒரு டிரெய்லரையும் இழுக்க வேண்டும். எஞ்சின் தாங்கியது, கியர்பாக்ஸ் தாங்கவில்லை. செம்மண் மேட்டில் முதல் கியரிலேயே ஊர்ந்து ஏறும்போது உள்ளே எண்ணெய் காய்ந்து, கால்பலகை வழியாக உள்ளங்காலைச் சுடும். மெர்லிமாவ் பட்டறையில் இருந்த ஆ செங் என்கிற சீன மெக்கானிக், உடைந்துபோன ராணுவ வண்டி ஒன்றிலிருந்து சூடு காட்டும் மீட்டரைக் கழற்றி, என் கியர் எண்ணெய்க்குப் பொருத்திக் கொடுத்தான். முள் சிவப்பைத் தொடும் இடத்தை விரலால் தட்டிக் காட்டி, "மிஞ்ஞாக் பானாஸ், கியர் ஹாபிஸ் லா" என்றான். எண்ணெய் கொதித்தால் கியர் தொலைந்தது என்று அர்த்தம். அன்றிலிருந்து ரோட்டைப் பார்த்ததைவிட அந்த முள்ளைத்தான் அதிகம் பார்த்தேன்.

பிறகு ஒருநாள், தோட்டத்தில் அங்கங்கே சிதறிக்கிடந்த லயங்களை, அதாவது கூலிகளின் வரிசை வீடுகளைப் பிரித்து எல்லோரையும் முள்கம்பி வேலிக்குள் ஒரே இடத்தில் குடிவைக்க உத்தரவு வந்தது. காலையில் சொல்லி மாலைக்குள் காலி செய்ய வேண்டும். நான் நடை நடையாக ஜனங்களின் தட்டுமுட்டுச் சாமான்களை இழுத்துக்கொண்டிருந்தேன். கடைசி நடையில் செல்லம்மாவின் வீட்டுக் கூரைத் தகரங்கள். செல்லம்மா ரப்பர் பால்மரம் சீவுகிறவள், முப்பது வயது இருக்கும். அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். அவள் புருஷனை ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப்போனான், அவன் திரும்பவில்லை. "தகரம் சரியும். நீ மேல ஏறி ஒக்காந்துக்க" என்று அவளை டிரெய்லரில் ஏற்றியவர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையான கிராணி. என் காதால் கேட்டேன்.

மேட்டில் பாதி ஏறும்போதே முள் சிவப்புக்கு வந்துவிட்டது. நிறுத்தினேன். காவலுக்குப் பின்னால் வந்த ஜீப்பிலிருந்து ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் குதித்து ஓடிவந்தான். "ஹாட், சார். வெரி ஹாட்" என்று மீட்டரைக் காட்டினேன். அவன் மீட்டரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தான். "யெஸ், வெரி ஹாட்" என்று நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, இடுப்பிலிருந்த தண்ணீர் புட்டியைக் கழற்றி என்னிடம் நீட்டினான். நல்லவன்தான். கூட இருந்த மலாய்க் காவலருக்கு விஷயம் புரிந்தது. ஆனால் மேட்டின் அந்த வளைவில்தான் முன்பொரு தடவை கம்யூனிஸ்டுகள் பதுங்கியிருந்து சுட்டிருக்கிறார்கள். அவர் கண் காட்டைவிட்டு நகரவே இல்லை. "சினி தா போலே பெரந்தி! ஜாலான், ஜாலான்!" என்று தகட்டில் துப்பாக்கிக் கட்டையால் தட்டினார். இங்கே நிற்கக்கூடாது, போ.

"என்னா அண்ணே நின்னுட்டீங்க? தகரம் சுடுது லா" என்று பின்னாலிருந்து செல்லம்மா கத்தினாள்.

'இறங்கி நடந்து வா' என்று நான் சொல்லியிருக்கலாம். முசிறியில் நான் சொல்லாமலே நடக்கிற காரியம். துப்பாக்கியைப் பார்த்ததும் அதைச் சொல்லவில்லை. கியரைப் போட்டேன்.

ஐம்பது கஜம் போயிருக்காது. கீழே ஏதோ நொறுங்கும் சத்தம், எண்ணெய் கருகும் நாற்றம், கியர் கழன்றுவிட்டது. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. அத்தனை கனத்தைப் பிரேக் பிடித்து நிறுத்த முடியவில்லை. டிரெய்லர் மடங்கிக் காட்டோரப் பள்ளத்தில் கவிழ்ந்தது. தகரங்களுக்கு அடியிலிருந்து செல்லம்மாவை நாங்கள் நாலைந்து பேர் இழுத்து எடுத்தோம். அந்த வெள்ளைக்காரன் அழுதுவிட்டான். நான் அழவில்லை. மலாக்கா ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்தாள். இடுப்பெலும்பு கோணலாகத்தான் கூடியது. இனி மரம் சீவ முடியாது.

விசாரணை என்று ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். துரை கேட்டதைக் கிராணி தமிழில் சொன்னார்.

"மீட்டரு செவப்பக் காட்டுச்சா?"

"காட்டுச்சுங்க."

"அப்ப தெரிஞ்சுதானே ஓட்டுன?"

முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் குற்றவாளி. பார்க்காதவர்களுக்கு ஒன்றுமில்லை. பிறகு கிராணி ஒரு காகிதத்தை நகர்த்தினார். அனுமதி இல்லாமல், டிரைவர் தடுத்தும் கேட்காமல் அந்தப் பெண் டிரெய்லரில் ஏறினாள் என்று எழுதியிருந்தது. "நீ கையெழுத்துப் போட்டுட்டா ஒனக்கு வேல நெலைக்கும். இல்லன்னா ரெண்டு பேரும் ஒரே கப்பல்ல போவ வேண்டியதுதான்" என்றார். போட்டேன். இதைப் படிக்கும் நீங்கள் காறித் துப்பினாலும் எனக்குச் சம்மதமே.

வேலை செய்ய முடியாதவளைச் சொந்த நாட்டுக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. அதற்கான ஃபாரத்தில் இந்தியாவில் சொந்த ஊர் எது என்று ஒரு கட்டம். "எங்காத்தா சேலம் பக்கமுன்னு சொல்லும். ஊரு பேரு தெரியாதுங்க" என்றாள். கட்டத்தைக் காலியாக விடக்கூடாதாம். கிராணி பேனாவை உயர்த்தியபடி சுற்றிலும் பார்த்தார். "முசிறின்னு போடுங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. என் அண்ணன் வீட்டு விலாசத்தையும் எழுதிக் கொடுத்தேன்.

தம்பின் ரயில் ஸ்டேஷனுக்கு நான்தான் அவளைப் பஸ்ஸில் கூட்டிப்போனேன். கட்டையை ஊன்றி, கப்பலுக்குப் போகும் ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் சொல்லாம ஏறிட்டேன்னு கையெழுத்து வச்சீங்களாமே."

"ஆமா."

"சரி, உடுங்க." கையிலிருந்த விலாசத்துண்டைப் பிரித்துப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. "அங்க பசார் பக்கத்துல இருக்குமா?"

பசார் என்றால் அங்கே யாருக்கும் புரியாது, சந்தை என்று கேள் என்றேன். சந்தை, சந்தை என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கொடி அசைந்தது. வண்டி நகரும்போதுதான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிக் கேட்டாள்:

"ஒங்க வீட்டுல போயி நான் யாருன்னு சொல்லட்டும் அண்ணே?"

அவள் பிறந்த மண்ணில் நின்றுகொண்டு, என் ஊருக்குப் போகிறவளை நோக்கிக் கையை மட்டும் ஆட்டினேன்.